கழற்றும் கம்பளியா, தைத்த தின்சுலேட்டா?

கனடாவில் முதல் குளிர்காலத்துக்குச் சப்பாத்து வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் ‘−40’ டிகிரிக் குளிர் தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். பஸ்ஸுக்காக இருபது நிமிடம் நின்றதும் விரல்கள் மரத்துப்போயின. நடப்பவரின் கால் வேறு, நிற்பவரின் கால் வேறு; பெட்டியில் அது எழுதியிருக்கவில்லை.

பூட்ஸ் தானாகச் சூடு தராது. உள்ளே நார்களுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்றுதான் காலின் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், அது காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்திவிடும். வெளி ஈரத்தைத் தடுப்பது பெரிய காரியமில்லை. உள்ளே ஊறும் வியர்வையை என்ன செய்வது?

பழைய கனேடிய வகையில் கீழே ரப்பர், மேலே தோல், உள்ளே தனியாக உருவி எடுக்கும் கம்பளி உறை. 1962 முதல் ஒன்டாரியோவின் கிச்சனர் நகரில் செய்யப்பட்ட சோரெல் பூட்ஸ் இந்த இனம்தான். ரப்பர் வழியாக வியர்வை வெளியேறாது. கம்பளிதான் அதைக் குடிக்கும். வீட்டுக்கு வந்து உறையை உருவினால் விரல் பக்கம் சில்லென்று ஈரம் கையில் படும். இரவு ஹீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவைத்தால் காலையில் காய்ந்திருக்கும். கனம்தான், கார் ஓட்டவும் சங்கடம்.

தின்சுலேட் என்ற செயற்கை நார்ப் பஞ்சை வைத்துத் தைத்தது மெல்லிசு, அலுவலகத்துக்குள்ளும் போட்டுக்கொண்டு போகலாம். (200, 400 கிராம் என்பது சதுர மீட்டருக்கு அந்தப் பஞ்சின் எடை; அதைச் சப்பாத்தின் எடை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.) கோர்டெக்ஸ் போன்ற சவ்வும் இருந்தால் நீராவி வெளியே போகும், தண்ணீர் உள்ளே வராது. ஆனால் டொரொன்டோ தெருக்களில் மிதிபடுவது பெரும்பாலும் உப்புக் கரைந்த பனிச்சேறு. மேல்தோல் ஊறிப்போனால் ஆவி வெளியேற வழி குறைந்துவிடும். உள்ளே நனைந்தால் உருவவும் முடியாது. மறுநாளும் அதே ஈரம்.

சரி, எதை வாங்குவது? காரில் போய் வருபவருக்குத் தின்சுலேட் 200 தாராளம். பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர், வினிப்பெக்கில் −25இல் வெளிவேலை செய்பவர் கழற்றும் உறையையே வாங்கட்டும்.

அப்புறம், என் தவறு ஒன்று: அளவான பூட்ஸுக்குள் இரண்டு காலுறை திணித்தேன். பஞ்சும் நசுங்கியது, இரத்த ஓட்டமும் குறைந்தது. தடித்த கம்பளிக் காலுறை ஒன்றைக் கடைக்கே போட்டுக்கொண்டு போங்கள். உள்ளே விரலை ஆட்ட முடியாவிட்டால் அடுத்த அளவைக் கேளுங்கள்.