வீட்டில் படிக்கும் பிள்ளையின் பிறந்தநாள்: எந்த நாள், எந்தக் கேக், எந்த இடம்?

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பாதி தயாராகவே இருக்கிறது. கலர் டிரஸ், ஒரு பாக்கெட் சாக்லேட், வகுப்பே எழுந்து நின்று பாடும் பாட்டு, சாயங்காலம் கேக். பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்கல்வியில் இருக்கும் பிள்ளைக்கு இவற்றில் கடைசி ஒன்றுதான் தானாக வரும். மற்றதையெல்லாம் வீடுதான் உண்டாக்கித் தர வேண்டும். அதே சமயம் கால அட்டவணை நம் கையில் இருப்பதால், பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்காத சில வசதிகளும் இருக்கின்றன. எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே எதிரெதிராக வைத்துப் பார்க்கலாம். ஊர் சார்ந்த விவரங்களுக்குச் சென்னையை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாடமா, விடுமுறையா?

வீட்டுக்கல்விப் பெற்றோரிடம் இரண்டு பழக்கங்களைப் பார்க்கலாம். சிலர் கேக் அளப்பதில் கணக்கு, நன்றிக் கடிதத்தில் எழுத்து என்று அன்றைய தினத்தையே பாடமாக்குவார்கள். சிலர் அன்று புத்தகத்தைத் தொடவே விடமாட்டார்கள். எங்கள் கருத்து தெளிவானது: அன்று முழு விடுமுறை, கற்றல் எல்லாம் அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில். தன் நாளில் ‘முக்கால் கப் என்றால் எத்தனை கால் கப்?’ என்று கேட்கப்படும் பிள்ளைக்கு அந்தக் கேக்கின் ருசி பாதியாகிவிடும்.

அந்த இரண்டு வாரத்தில் திட்டத்தைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். ஏழு வயதுக்கு அழைப்பவர் பட்டியலும் அழைப்பு எழுதுவதும் போதும். பத்து வயதில் பணத்தைக் கொடுக்கலாம். 2000 ரூபாய் என்றால் ஒரு பழைய நோட்டில் சாப்பாடு, கேக், அலங்காரம், விளையாட்டு, ரிட்டர்ன் கிஃப்ட் என்று ஐந்து பத்தி போட்டு, கடையில் விலை விசாரித்து அதுவே எழுதட்டும். பதின்மூன்று வயதில் மொத்தத் தொகையையும் பாதுகாப்பையும் தவிர வேறெதிலும் பெரியவர்கள் தலையிட வேண்டியதில்லை. இதில் பெரும்பாலும் பிசகுவது ஒரே இடத்தில்தான். அலங்காரத்துக்கு 600 போனதால் கிஃப்ட்டுக்குப் பணம் குறைகிறது, உடனே அம்மாவோ அப்பாவோ சத்தமில்லாமல் 300 ரூபாயைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த நொடியில் நோட்டுக்கு அர்த்தம் போய்விடுகிறது. அலங்காரத்தைக் குறைப்பதா, கிஃப்ட்டை மாற்றுவதா என்று பிள்ளையே முடிவெடுக்கட்டும்.

நட்சத்திரமா, தேதியா, ஞாயிறா?

வீட்டுக்கல்விக் குடும்பத்துக்கு இதுதான் உண்மையான சிக்கல். பிறந்தநாள் புதன்கிழமை வந்தால் நம் பிள்ளைக்கு முழு நாளும் கையில் இருக்கிறது, தெருப் பிள்ளைகளோ பள்ளியிலும் டியூஷனிலும் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுப்பாடத்துக்கு ஓடுவார்கள். ஞாயிற்றுக்குத் தள்ளினால் கூட்டம் நிச்சயம், ஆனால் சின்னப் பிள்ளைக்கு உண்மையான நாளன்று ஒன்றுமே இல்லாமல் போகிறது.

நம் ஊரில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. தேதிப் பிறந்தநாள் ஒன்று, நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்று. நட்சத்திர நாளை வீட்டுக்கும் கோயிலுக்கும் வைத்துக்கொண்டு, தேதியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையை நண்பர்களுக்குக் கொடுத்துவிடலாம். நட்சத்திரம் பார்க்காத குடும்பங்களில் தேதியன்று வீட்டார், ஞாயிறன்று நண்பர்கள் என்று பிரித்தால் அதே பலன்தான்.

நட்சத்திர நாளைப் பிள்ளையே தேடட்டும். பிறந்த தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் ஜாதகத்திலிருந்து குறித்துக் கொடுத்து, தினசரி காலண்டரில் அந்த மாதத் தாள்களைப் புரட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாளிலும் அன்றைய நட்சத்திரமும் அது எத்தனை மணி வரை என்பதும் அச்சாகியிருக்கும். மாதம் சூரியனைப் பொறுத்தது, நட்சத்திரம் சந்திரனைப் பொறுத்தது. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஒரு சுற்று வர சுமார் 27.3 நாள் ஆகும். தமிழ் மாதத்துக்கோ 29 முதல் 32 நாள். அதனால்தான் நட்சத்திர நாள் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுகிறது. மாதத்தின் முதல் ஓரிரு நாளில் வரும் நட்சத்திரம் மாதக் கடைசியில் மறுபடியும் வருவதற்குக் காரணமும் இதுதான். இரண்டு முறை வந்தால் பல வீடுகளில் இரண்டாவதை எடுப்பார்கள். காலையில் முடிந்துபோகும் நட்சத்திரத்தை அந்த நாளாகக் கொள்வதா, முந்தைய நாளாகக் கொள்வதா என்பதும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். பாட்டி தாத்தாவைப் பிள்ளையே போனில் கூப்பிட்டுக் கேட்க இது நல்ல சந்தர்ப்பம்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளையோடு இன்னொன்றையும் பார்க்கலாம். மாதம் சூரியன் எங்கே என்றும் நட்சத்திரம் சந்திரன் எங்கே என்றும் சொல்லிவிடுவதால், இரண்டும் சேர்ந்தாலே நிலா எப்படி இருக்கும் என்பது ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகிறது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் எல்லாமே பௌர்ணமியை ஒட்டி வருவது அதனால்தான். பங்குனி உத்திரத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒவ்வொரு ஆண்டும் அந்த இரவில் மொட்டை மாடியில் முழு நிலா அல்லது அதற்கு ஓரிரு நாள் முன்பின். ஆவணி ரோகிணியில் பிறந்த பிள்ளைக்கு நள்ளிரவை ஒட்டி உதிக்கும் தேய்பிறை நிலா. உங்கள் பிள்ளையின் நிலா எது என்று இரண்டு மூன்று ஆண்டுகள் வரைந்து வைத்தால், ஏன் மாறவில்லை என்ற கேள்வி அதன் வாயிலிருந்தே வரும்.

ஞாயிறைத் தேர்வு செய்யும்போது பள்ளி நாட்காட்டியைப் பார்க்க மறக்காதீர்கள். வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் ஏப்ரலில் முழுஆண்டுத் தேர்வு என்றால் நண்பர்களை வீட்டில் அனுப்பமாட்டார்கள். மே மாதத்தில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். மே பிறந்தநாள் என்றால் ஜூனில் பள்ளி திறந்தபின் வரும் ஞாயிற்றுக்குத் தள்ளுவது மேல்.

குக்கரா, ஓவனா, பேக்கரியா?

பன்னிரண்டு பேருக்குமேல் வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் பேக்கரி. அரைக் கிலோ கேக்கில் எட்டுத் துண்டு, ஒரு கிலோவில் பதினைந்து வரும். முட்டை இல்லாதது வேண்டுமானால் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். வீட்டாருக்கான நாளில் பிள்ளை செய்த கேக்குக்கு ஈடாக எதுவும் இல்லை.

ஏழு அங்குல வட்டத் தட்டுக்கு முட்டை இல்லாத கேக் அளவு இது: மைதா 1½ கப், சர்க்கரை ¾ கப், கெட்டித் தயிர் 1 கப், எண்ணெய் ½ கப், பேக்கிங் பவுடர் 1¼ டீஸ்பூன், சமையல் சோடா ½ டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன். தயிரும் சர்க்கரையும் கரையும்வரை அடித்து, பவுடரையும் சோடாவையும் சேர்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். நுரைத்துப் பொங்கும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயு உண்டாவதைப் பிள்ளை கண்ணெதிரே பார்க்கும் இடம் இது. பிறகு எண்ணெய், வெனிலா, கடைசியில் சலித்த மைதாவை மூன்று தவணையாகச் சேர்த்து மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலந்து உடனே அடுப்பில் வைக்க வேண்டும். பிள்ளைகள் ஆசையாக மேலும் மேலும் கலக்குவார்கள். அப்படிக் கலக்கினால் கேக் ரப்பர் போல இழுக்கும். கலந்த மாவை அரை மணி நேரம் வைத்திருந்தால் வாயு வெளியேறி எழும்பாது. சோடா அரை டீஸ்பூனைத் தாண்டினால் சோப்பு வாடையும் கசப்பும் வரும். அளப்பதில் குவியலாக எடுக்காமல் கத்தியால் வழித்து எடுக்கச் சொல்லுங்கள்.

குக்கரில் செய்வதானால் 5 லிட்டர் அளவுள்ள பழைய குக்கர் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். அலுமினியத்தை உப்பு அரிக்கும், வெறும் சூடு அடிப்பாகத்தை வளைக்கும். விசிலையும் கேஸ்கட்டையும் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். கேஸ்கட் இருந்தால் உருகி நாறும், விசில் இருந்தால் ஆபத்து. அடியில் ஒன்றரைக் கப் கல் உப்பு, அதன்மேல் ஸ்டாண்ட், மூடி வைத்து பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கி, தட்டை இறக்கிச் சிறு தீயில் 40 முதல் 50 நிமிடம். முப்பது நிமிடத்துக்குள் மூடியைத் திறந்தால் நடுவில் அமுங்கிவிடும். ஸ்டாண்ட் இல்லையென்றால் அடி கருகும். சூடான உப்பு, சூடான தட்டு இரண்டும் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

ஓவனில் 180 டிகிரியில் முன்கூட்டிச் சூடாக்கி 35 முதல் 40 நிமிடம். மேல்பக்கம் அழகாகச் சிவக்கும், குக்கரில் அது வெளுத்தே இருக்கும். ஓவனின் ஒரே எதிரி மின்வெட்டு. இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போனால் அந்தக் கேக்கைக் காப்பாற்ற முடியாது. குச்சியால் குத்திப் பார்த்து ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்பது இரண்டுக்கும் பொது. ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆகவே கேக்குக்காக ஓவன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. எதில் செய்தாலும் முந்தைய நாள் மாலையே செய்துவிடுங்கள். சொதப்பினால் மறுபடி செய்ய நேரமிருக்கும், ஆறிய கேக் உதிராமல் வெட்டவும் வரும்.

தட்டின் அளவை மாற்றும்போது கவனம். ஏழு அங்குலத்திலிருந்து ஒன்பதுக்குப் போனால் இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் பரப்பு 49-க்கு 81. அதே உயரம் வேண்டுமானால் மாவு ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாக வேண்டும். வட்டப் பரப்பு படிக்கும் பிள்ளை அந்த இரண்டு வாரத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வெளியே போவதா, வீட்டிலா?

வார நாளில் வெளியே போவது வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு மட்டுமே கிடைக்கும் பரிசு. ஆனால் அந்தந்த இடத்தின் வார விடுமுறை எது என்று பார்த்துப் போக வேண்டும். வண்டலூர் உயிரியல் பூங்காவும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வண்டலூர் 600 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு. காலையில் திறந்ததும் நுழைந்தால் விலங்குகள் நடமாடும் நேரம், நண்பகலில் எல்லாம் நிழலில் படுத்துவிடும். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் பேட்டரி வண்டியில் ஏறிவிடுவதே நல்லது. எழும்பூரில், 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். வெண்கலச் சிலைகளா, திமிங்கல எலும்புக்கூடா என்று பிள்ளையே ஒன்றைச் சொல்லட்டும். தட்சிணசித்ரா எட்டு வயதுக்கு மேல்தான் சுவைக்கும். தென்மாநிலங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய பழைய வீடுகளுக்குள் நடந்து பார்க்கலாம். காலையில் ஓரிடம், மதியம் இன்னோரிடம் என்று இரண்டைச் சேர்ப்பவர்கள் சாயங்காலம் அழும் பிள்ளையோடுதான் திரும்புவார்கள்.

வீட்டில் நண்பர்களை அழைத்தால் ஞாயிறு 4 முதல் 6.30 வரை போதும், முடியும் நேரத்தையும் அழைப்பில் எழுதுங்கள். வீட்டுக்கல்விப் பிள்ளையின் நண்பர்கள் ஒரே வயதாக இருப்பதில்லை. ஐந்து வயதும் பதினான்கும் ஒரே கூடத்தில் நிற்கும். ஓட்டப் போட்டி வைத்தால் ஒரே ஆள் எல்லாவற்றையும் ஜெயிப்பார். பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர் என்று ஜோடி சேர்த்துப் புதையல் வேட்டை வைத்தால் சரியாக வரும். ஒவ்வொரு குறிப்புச் சீட்டிலும் சின்னவருக்குப் படம், பெரியவருக்கு விடுகதை. இரண்டும் சேர்ந்தால்தான் அடுத்த இடம் தெரிய வேண்டும். ஆறு சீட்டு போதும், பத்து வைத்தால் சின்னவர்கள் நடுவிலேயே விலகிவிடுவார்கள். கேக்கைக் கடைசிவரை வைத்திராமல் 5.15-க்கு வெட்டிவிடுங்கள். அரைக் கிலோ கொண்டைக்கடலைச் சுண்டல் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வரும், ஒரு லிட்டர் பாலில் ஆறு டம்ளர் ரோஸ்மில்க். வேர்க்கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் தடை, பாக்குமட்டைத் தட்டும் எவர்சில்வர் டம்ளரும் போதுமானவை. ஸ்னோ ஸ்பிரேயை வாங்கவே வேண்டாம். மெழுகுவர்த்தி எரியும்போது அடித்தால் தீப்பற்றும், அருகில் இருப்பது பிள்ளையின் முகம். உடைந்த பலூன் துண்டுகளையும் உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும்.

வகுப்பில் சாக்லேட் கொடுக்கும் அந்த மகிழ்ச்சிக்கு மாற்று கேட்டால், நட்சத்திர நாள் காலையில் ஒரு தட்டு நிறையக் கடலைமிட்டாயோ தேன்மிட்டாயோ வைத்துப் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்புங்கள். பால்காரர், வாட்ச்மேன் தாத்தா, இஸ்திரி போடும் அக்கா, நூலகர், எதிர்வீட்டு ஆச்சி என்று பட்டியலை முன்தினமே அது எழுதி வைக்கட்டும். கூடப் போகும் பெரியவர் பத்தடி பின்னால் நின்றால் போதும், பேச வேண்டியது பிள்ளைதான்.