தொண்டு செய்ய இடம் காட்டும் சேவைகள்: வன்னிக்கு எது சரிவரும்?

கணக்குப் புத்தகம் எழுதத் தெரியும், எக்செல் தெரியும், சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொல்லத் தெரியும், சனி ஞாயிறு பின்னேரங்களில் நேரம் இருக்கிறது. இப்படி ஓர் ஆள் கிளிநொச்சியில் இருந்துகொண்டு, சம்பளம் வேண்டாம், தெரிந்த வேலையை யாருக்காவது செய்து தருகிறேன் என்று வெளிக்கிட்டால் எங்கே போவது? அதற்கென்று இருக்கும் இணையச் சேவைகளையும் ஊரில் இருக்கும் வழிகளையும் பாவித்துப் பார்த்த அளவில் எழுதுகிறேன். யாரும் எனக்குக் காசு தரவில்லை, அதனால் கொஞ்சம் கறாராகவே இருக்கும்.

முதலாவது, திறமையைச் சொன்னால் இடத்தைக் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு தளம். பெயர் வேண்டாம். பதிவது சுகம், திறமைப் பட்டியல் நீளம், மாவட்டங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாம் இருக்கிறது. அதுவரை சந்தோசம். பிறகு வருவதெல்லாம் கொழும்புப் பக்கம் கடற்கரை துப்புரவு. கடைசியில் வன்னிக்கென்று ஓர் அழைப்பு வந்தது: மரநடுகை, டீசேர்ட் உண்டு, சாப்பாடு உண்டு. கணக்கு என்று போட்டவருக்கும் மரக்கன்று, தாதி என்று போட்டவருக்கும் மரக்கன்று. அதுவும் ஆவணி வெயிலில்! கார்த்திகை மழையோடு நட்டால் தானாகப் பிடிக்கும் கன்றை ஆவணியில் நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போனால், அடுத்த நாள் தண்ணி ஊற்றுவது யார்? ஐந்துக்கு ஒன்று கொடுக்கலாம், அதுவும் பட்டியலில் எங்கள் மாவட்டங்களைச் சேர்த்ததற்காக.

ஐ.நா. தொண்டர் அமைப்பின் தளம் வேறு ரகம். 18 வயது நிரம்பியவர்கள் இலவசமாகப் பதியலாம். 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் இணையவழித் தொண்டு என்ற பிரிவில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு வேலை செய்யலாம். கிழமைக்கு 20 மணித்தியாலம், மொத்தம் 12 கிழமை என்று உச்சவரம்பு இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது, முடிவில்லாமல் இழுத்தடிக்க முடியாது. ஆனால் தளம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளில்தான். கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சரிவரும், பக்கத்து ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைப்பவருக்கு அது இடமல்ல.

தமிழ் மட்டும் போதும் என்றால் இரண்டு இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் சேர்த்து இணையத்தில் வைக்கிறது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பெட்டி பெட்டியாகப் புத்தகங்களை விட்டுவிட்டு வந்த ஊர்க்காரருக்கு இந்த வேலையின் அருமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றது பீ மை ஐஸ் செயலி. பார்வையற்ற ஒருவர் வீடியோவில் அழைத்து மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார், நீங்கள் வாசித்துச் சொல்வீர்கள். உதவி கேட்பவர்களைவிடத் தொண்டர்கள் பல மடங்கு என்பதால் அழைப்பு எப்போதாவதுதான் வரும். நிறுவிவிட்டு மறந்துவிடுங்கள், மணி அடித்தால் எடுங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். செயலியை மூடிவைத்துவிட்டு விதானையாரிடமோ பிரதேச செயலகத்தில் இருக்கும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ போய், "எனக்குக் கணக்கு எழுதத் தெரியும், ஞாயிறு பின்னேரம் வரமுடியும்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏதாவது உதவி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் சிரமதானத்துக்குத்தான் கூப்பிடுவார்கள், மண்வெட்டியோடு போகவேண்டியதுதான். வேலையையும் நேரத்தையும் பெயர் சொல்லிக் கேட்டால் கதை மாறும். எந்தக் கிராமத்தை எடுத்தாலும் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்கார அமைப்பு, சனசமூக நிலையம், கரையோரம் என்றால் கடற்றொழிலாளர் சங்கம் என்று இருக்கும். எல்லாவற்றுக்கும் பொருளாளர் உண்டு. பொதுச்சபைக் கூட்டம் நெருங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும் புத்தகம் எந்த நிலையில் இருக்கிறதென்று. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதங்கள் உறை பிரித்தபடி, வாசிக்க ஆளில்லாமல் கோப்பில் கிடக்கும்.

மாதர் சங்கங்களில் கணக்குத் தெரிந்தவருக்கு இன்னொரு பெரிய வேலை இருக்கிறது: நுண்கடன். ஒரு லட்சம் ரூபாயை ஒரு வருடத்துக்கு 24 சதவீத நிலையான வட்டியில் எடுத்தால் மாதம் சுமார் 10,333 ரூபாய் கட்டவேண்டும். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முழுத் தொகைக்கே கணக்குப் பார்க்கப்படுவதால் உண்மையான வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். இதை ஒரு கொப்பியில் கோடு போட்டு, கையெழுத்து வைப்பதற்கு முன்னர் அக்காமாருக்குக் காட்டிவிட்டால் போதும். நுண்கடன் சுமை தாங்கமுடியாமல் போய், 2018இல் அரசாங்கமே வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சத்துக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்த நாடு இது. எந்தத் தளத்திலும் இந்த வேலைக்கு விளம்பரம் வராது. ஊர்ச் சங்க வழிக்கு ஐந்துக்கு நாலரை. அரைப்புள்ளி ஏன் வெட்டினேன் என்றால், ஒன்பது மணிக் கூட்டம் பத்தரைக்குத்தான் தொடங்கும்.

படிப்பிக்க விருப்பம் உள்ளவர்களுக்கு ஒன்று. பாடசாலைக்குள் இலவசமாகப் போய்ப் படிப்பிப்பதை நான் சொல்லமாட்டேன். வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்கில் காத்திருந்து போராட்டமும் செய்தவர்கள், அந்த வெற்றிடத்தை இன்னொரு சம்பளமில்லாத ஆள் நிரப்புவது யாருக்கு நல்லது? சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு வையுங்கள், ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் என்றால் கதிரை போதாமல் போகும்.

முதலுதவி படிக்க ஆசை என்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் கேளுங்கள். எந்தத் திறமையும் இல்லை, உடம்பு மட்டும் நல்லாயிருக்கிறது என்பவர்கள் ஆஸ்பத்திரி இரத்த வங்கிக்குப் போகலாம், 18 வயதும் 50 கிலோவும் வேண்டும், நாலு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

சங்கக் கணக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரண்டாம் மாதமே உங்களைப் பொருளாளராகப் போட்டுவிடப் பார்ப்பார்கள். புத்தகம் எழுதித் தருவேன், பழக்கியும் விடுவேன், காசோலையில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி, அதைக் கூட்டக்குறிப்பிலும் எழுதவையுங்கள்.