பந்தாட்டத் திரைக்கு வாடகை டி.எல்.பி புரொஜெக்டர்: 240 ஹெர்ட்ஸ் வேண்டாம், 50 சரியாக ஓடினால் போதும்

பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கால்பந்துப் போட்டியைத் திரையில் காட்ட வாடகைக்கு எடுப்பவர்களுக்கு 1080பி (1080 வரியும் முழுதாக வரும் படம்) ஒற்றைச் சிப் டி.எல்.பி (நுண்கண்ணாடிகள் உள்ள ஒரே சிப்பால் படம் காட்டும்) புரொஜெக்டர் தாராளமாகப் போதும். படம் கூர்மை. ஆனால் அட்டைப்பெட்டியில் உள்ள ‘240 ஹெர்ட்ஸ்’ (நொடிக்கு 240 தடவை படம் மாறும்) என்ற எழுத்துக்காக வாடகையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். அந்த வேகம் கணினி விளையாட்டுக்குத்தான் உதவும். நம் டி.டி.எச் பெட்டி அனுப்புவது நொடிக்கு 50.

பெட்டியை இணைத்ததும் புரொஜெக்டர் மெனுவில் ‘இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். செங்குத்து அலைவெண் 50 ஹெர்ட்ஸ், கிடைமட்டம் 56.25 கிலோஹெர்ட்ஸ் என்றிருந்தால் 1080பி வருகிறது. கணக்கு எளிது: கண்ணுக்குத் தெரியாத வரிகளையும் சேர்த்து 1125 வரி, அதை 50 ஆல் பெருக்கினால் வருவது அது. 28.125 என்றால் ‘1080ஐ’ (1080i), அதாவது பாதிப் பாதி வரிகளாக வரும் படம். விலை குறைந்த கருவிகள் அந்தப் பாதிகளைச் சரியாகச் சேர்க்காது. ஓடும் ஆட்டக்காரரின் சட்டை ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழியும். அப்போது பெட்டியின் செட்டிங்கில் 720பி 50க்கு மாற்றிவிடுங்கள், 37.5 கிலோஹெர்ட்ஸ் காட்டும். கூர்மை கொஞ்சம் குறைந்தாலும் பந்து சீராக ஓடும்.

லேப்டாப்பில் ஆட்டம் பார்த்தால் வேறொரு தொல்லை. விண்டோஸ் வழக்கமாக 60 அனுப்பும். 50 ஃபிரேம் காட்சியை 60இல் ஓட்டினால் நொடிக்கு 10 ஃபிரேம் இரண்டு தடவை வரும். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது மைதானமே வெட்டி வெட்டி நகரும். புரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். திரையை ‘டூப்ளிகேட்’ இல்லாமல் ‘எக்ஸ்டெண்ட்’ என வைத்து, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் புரொஜெக்டருக்கு மட்டும் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். சினிமா போடுவதானால் 24 ஹெர்ட்ஸ், அந்த வசதி இருந்தால்.

ஒற்றைச் சிப் டி.எல்.பியின் உண்மையான குறை உள்ளே சுழலும் வண்ணச் சக்கரம். சிவப்பு, பச்சை, நீலம் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், இருட்டுப் பின்னணியில் வெள்ளை ஸ்கோர் எண்ணிலிருந்து கண்ணை நகர்த்தினால் சிலருக்கு வானவில் கீற்று தெரியும். ஒரு ஃபிரேமுக்கு இரண்டு சுற்று சுற்றும் இரட்டை வேகச் சக்கரம் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 7200 சுற்று. 50க்குப் பூட்டினால் 6000 ஆகும், கீற்று இன்னும் கூடும். இதைவிட வேகமான சக்கரம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். தலைவலி வருபவர்கள் மூன்று பேனல் எல்.சி.டி எடுப்பதே நல்லது, அதில் சக்கரமே கிடையாது.

15 மீட்டர் சாதா எச்.டி.எம்.ஐ கேபிளில் 120 ஹெர்ட்ஸ் வைத்தால் திரையில் பொறி மாதிரிப் புள்ளிகள் மின்னும், இடையிடையே படம் கறுப்பாகும். 50க்கு இறக்கினால் சிக்னல் சுமை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மொபைலில் திரையை வீடியோ எடுக்கும்போது வரும் வண்ணப் பட்டைகள் கோளாறு இல்லை. புரோ மோடில் ஷட்டரை 1/50 வையுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்தக் கருவிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. முன்பணம் கொடுக்குமுன் உங்கள் பெட்டியையும் கேபிளையும் கடைக்கே கொண்டுபோய் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.