பறக்க முடியாத பருந்தின் காலுக்குப் புல் மிதியடி: எதை வாங்கலாம், எதை விடலாம்

மின்கம்பியில் அடிபட்டோ மாஞ்சா நூல் அறுத்தோ ஓர் இறக்கையை இழந்து, ஆயுள் முழுக்கக் கூண்டில் இருக்கப்போகும் கரும்பருந்துக்குப் பிற்பாடு வரும் பெரிய கேடு காலில்தான். பறக்கிற பறவையின் உள்ளங்காலுக்கு ஓய்வு உண்டு. பறக்காதது ஏறத்தாழ 700 கிராம் எடையை இரவும் பகலும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நிற்கும். அழுத்தம் விழும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து தோல் மெலியும். சிறு கீறல் வழியாகக் கிருமி நுழைந்தால் பாதப் புண் எலும்புவரை இறங்கிவிடும். இதைத் தடுக்க, திருநெல்வேலிக் கடைகளில் கிடைக்கும் பொருட்களில் நாங்கள் முதலிடம் தருவது பச்சைப் பிளாஸ்டிக் புல் மிதியடிக்கு. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வகைச் சரக்கு விற்கிறது.

ஒன்று, சுருளிலிருந்து சதுர அடிக் கணக்கில் வெட்டித் தரும் செயற்கைப் புல்தரை. தடவிப் பார்த்தால் மெத்தென்று இருக்கும்; அந்த மென்மையை நம்பித்தான் வாங்குகிறார்கள். பறவைக்கு அது ஆகாது. நீள இழைகள் எடை ஏறியதும் படுத்துவிடும், நகம் இழையில் மாட்டும், எச்சம் அடித்துணியில் ஊறி நிற்கும்.

மற்றது, வாசலில் போடும் விறைப்பான மிதியடி. முழுதும் ஒரே வார்ப்பு, குட்டை இதழ்கள், அடியில் துணி கிடையாது. இதுதான் வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம்: வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளைகள் தெரிய வேண்டும், உள்ளங்கையை ஊன்றினால் இதழ்கள் படுக்காமல் தாங்க வேண்டும், ஓர் இதழைப் பிடித்து இழுத்தால் கையோடு வரக் கூடாது. எடை பல முனைகளில் பிரிந்து விழுவதாலும் நடுவே காற்று ஓடுவதாலும் பாதம் உலர்வாக இருக்கும். டவுன் ரத வீதிப் பக்கமோ பாளையங்கோட்டையிலோ பிளாஸ்டிக் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பொருத்துவதில்தான் பாதி வேலை. மிதியடியைச் சுற்றுவது பருந்து நிற்கும் மரக்கட்டையில். மிதியடி ஏறியதும் கட்டையின் சுற்றளவு கூடிவிடும் என்பதால் சுற்றிய பிறகே அளந்து பார்க்க வேண்டும். பருந்து நிற்கும்போது முன்விரல் நகமும் பின்விரல் நகமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் கட்டை மெலிது, நகம் உள்ளங்காலையே குத்தும். வளைத்துச் சுற்றி, இணைப்பைக் கட்டையின் அடிப்பக்கம் கொண்டுவந்து, கேபிள் டையால் ஒரு சாண் இடைவெளியில் இறுக்குங்கள். டையின் வாலை ஒட்ட நறுக்க வேண்டும். ஆணி துருப்பிடித்துத் தலை நீட்டும். பசை போட்டால் கழற்றிக் கழுவ முடியாது.

கழுவுவதற்காகவே ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு துண்டு வெட்டி வையுங்கள். வாரம் ஒரு முறை கழற்றி, காய்ந்த எச்சத்தைத் தேய்த்து நீக்கியபின், ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊற விட்டு, நன்றாக அலசி வெயிலில் காயப் போடலாம். எச்சம் இருக்கும்போதே ப்ளீச்சில் போட்டால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

நம் ஊர் வெயில் இந்தப் பொருளுக்கு எதிரி. சித்திரை, வைகாசியில் நேர்வெயில் படும் மிதியடி கால் வைக்க முடியாதபடி கொதிக்கும், நாளடைவில் இதழும் நொறுங்கும். ஆகவே கட்டையின் பாதியாவது நிழலில் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் கதை வேறு. தென்காசிப் பக்கத்துச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் தேங்காய் நார்க்கயிறு சுற்றிய கட்டை காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை பறவையின் நுரையீரலுக்கு ஆபத்து. அப்போது புல் மிதியடிதான் கைகொடுக்கும். உலர்ந்த மாதங்களில் நார்க்கயிறும் நல்ல பிடிப்புத் தரும், ஊறியதும் கழற்றி எறிந்துவிடலாம். நைலான் கயிறும் பிவிசி குழாயும் வேண்டாம். வைரி மாதிரிச் சிறிய வேட்டைப் பறவைக்கு மிதியடி சுற்றிய கட்டை பருமன் கூடிப்போகும். அதற்குப் பட்டையோடு கூடிய வேப்பங்கொம்பு போதும். சீமைக் கருவேலக் கொம்பை முள் ஒடித்தும் வைக்காதீர்கள், மிஞ்சிய முள்முனை ஒன்று போதும் புண் தொடங்க.

எல்லாக் கட்டையிலும் மிதியடி சுற்றுவதும் தவறு. ஒரே பரப்பு என்றால் அழுத்தமும் ஒரே இடத்தில்தான் விழும். மிதியடி, கயிறு, கொம்பு என மூன்றும் வெவ்வேறு பருமனில் இருக்கட்டும். ஏறிப் போகச் சாய்பலகை வையுங்கள். ஒற்றை இறக்கையோடு மேலிருந்து குதித்தால் பாதமும் நெஞ்செலும்பும் அடிபடும். வாரம் ஒரு முறை எடையும் பாருங்கள். கொழுத்த பருந்துக்கு எந்த மிதியடியும் உதவாது.

உள்ளங்காலில் சொரசொரப்பு மறைந்து வழவழவென்று சிவந்தால் அதுவே முதல் அறிகுறி. கறுத்த பொருக்கு தெரிந்தால் மிதியடியை மாற்றிப் பயனில்லை, கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். இவையெல்லாம் அனுமதி பெற்ற பராமரிப்பு இடங்களுக்குச் சொல்வது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அடிபட்ட பருந்தை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது, வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. சில பருந்துகள் இரை கிழிக்கும்போது மிதியடி இதழையும் சேர்த்துப் பிய்க்கும். இரையை வெறும் பலகையில் வைத்தால் இது குறையும். இரையில் செரிக்காததைச் சேர்த்துப் பறவை கக்கும் உருண்டையைப் பிரித்துப் பாருங்கள். பச்சைத் துணுக்கு ஒன்று தெரிந்தாலும் அந்த மிதியடியை அன்றே கழற்றிவிட்டுக் கயிற்றுக்கு மாறுங்கள்.