தொழில்நுட்ப நாள் நடத்துகிறீர்களா? பதிவுப் பட்டியலை ஏற்பாட்டாளரிடம் விட்டுவிடாதீர்கள்

வாடிக்கையாளர்களையும் விற்பனையாளர்களையும் ஒரே கூடத்துக்கு அழைத்து, புதிய மென்பொருள்களையும் கருவிகளையும் நேரில் இயக்கிக் காட்டும் தொழில்நுட்ப நாள் நடத்த எண்ணியிருப்பவர்கள், ஏற்பாட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் நிகழ்ச்சியை ஏற்று நடத்திய நிறுவனம் எங்களை ஏமாற்றியது. எங்கள் அழைப்பை மதித்து வந்தவர்களையும் ஏமாற்றியது. இரண்டாவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அரங்கு, மேடை, இணையம், பதிவு, அடையாள அட்டை எல்லாம் தங்கள் பொறுப்பு என்றார்கள். "விருந்தினரை மட்டும் நீங்கள் கவனியுங்கள், மற்றதை எங்களிடம் விடுங்கள்" என்றார் அவர்களுடைய மேலாளர். விலைப்பட்டியலில் 'தனி இணைய இணைப்பு' என்று ஒரு வரி இருந்தது. அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கினார்கள்.

அன்று காலை கூட்டம் சேரும்வரை வைஃபை ஓடியது. சேர்ந்ததும் படுத்துவிட்டது. எங்கள் வலைப்பின்னல் பொறியாளர் சோதித்துப் பார்த்தபோது, வைஃபை அலையைப் பரப்ப வைத்திருந்த அக்சஸ் பாயிண்ட் பெட்டிகள் அத்தனையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதன் ஒரே உட்பிரிவில், அதாவது ஒரே சேனலில் இருந்தன. அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காமல் பயன்படுத்த நடைமுறையில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் உண்டு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு கைப்பேசியோடு கூடம் நிறைந்தால் என்ன ஆகும் என்பது இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்குத் தெரியாதா?

தனி இணைப்பு என்பதே பொய் என்று தெரிந்தது ஒரு பிரின்டரால்தான். கிடங்குகளுக்கான லேபிள் பிரின்டர் கொண்டுவந்திருந்த ஒரு விற்பனையாளர், எங்கள் மிகப் பழைய வாடிக்கையாளரின் முன் நின்று கைப்பேசியில் அச்சிடும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். பிரின்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைப்பேசியோ 'கருவி கிடைக்கவில்லை' என்றது. விருந்தினர்களுக்கான பொது வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்துவைப்பது வழக்கம். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், ஆனால் செயல்விளக்கம் அங்கே நடக்காது. கூடத்தின் தொழில்நுட்பப் பணியாளரிடம் கேட்டோம். தனி இணைப்பு வேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை என்றார். வருவோர் போவோர் எல்லாருக்கும் இலவசமாகத் தரப்படும் இணைப்பை எங்களுக்குக் காசுக்கு விற்றிருக்கிறார்கள்.

மின்சாரம், ஒலிபெருக்கி பற்றியும் புகார்கள் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன். பட்டியல் விஷயம்தான் பெரியது.

பதிவுப் படிவம் அவர்களுடைய தளத்தில் இருந்தது. பெயர், நிறுவனம், பதவி, தொலைபேசி எண்ணோடு நிற்காமல், இப்போது எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள், உரிமம் எந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற கேள்விகளையும் எங்களிடம் சொல்லாமல் பின்னர் சேர்த்திருக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்த சில நாட்களில் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. பேசியவர்கள் எங்கள் போட்டியாளர்கள். புதுப்பிக்கும் மாதத்தைச் சரியாகச் சொல்லி விலை பேசியிருக்கிறார்கள்.

தற்செயல் என்று சாதித்தார் மேலாளர். படிவத்தைச் சோதிப்பதற்காகவே எங்கள் அலுவலகத்தில் ஒருவர் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கிப் பதிவு செய்திருந்தார். வேறெங்கும் அந்த முகவரியைக் கொடுத்ததில்லை. அதற்கும் முன்பின் தெரியாத நிறுவனங்களின் விளம்பரங்கள் வந்து குவிந்தன. அதைக் காட்டிய பிறகு பேச்சு மாறியது: பங்குதாரர்களுடன் தகவலைப் பகிரலாம் என்று பதிவு செய்தவர்களே சம்மதித்திருக்கிறார்களாம். பொடி எழுத்தில் ஒரு வரி, அதன் அருகே முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டி. இதுதான் அந்தச் சம்மதம். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, இப்படி முன்பே டிக் செய்த பெட்டியைச் சம்மதமாக ஏற்பதில்லை. சட்டம் கிடக்கட்டும், நம் வீட்டு விருந்துக்கு வந்தவரின் பையைத் துழாவுவதற்கு எந்தப் பொடி எழுத்தும் அனுமதி ஆகாது.

விற்பனையாளர்களிடம் வேறு கணக்கு. 'சிறப்புத் தொகுப்பு' என்று கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, வருகையாளர் பட்டியல் தருவதாகவும், அவரவர் துறையில் அவருடைய ஸ்டால் மட்டுமே இருக்கும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பில்லிங் மென்பொருள் விற்கும் இரண்டு போட்டி நிறுவனங்கள் ஒரே வாசகம் கொண்ட கடிதங்களோடு எங்களிடம் வந்து நின்றபோதுதான் இது எங்களுக்குத் தெரியும். கடிதத்தின் தலைப்பில் எங்கள் சின்னம், ரசீதில் ஏற்பாட்டு நிறுவனத்தின் பெயர்.

ஆகவே சொல்கிறேன், பதிவுப் படிவத்தை உங்கள் கணக்கில் நீங்களே நடத்துங்கள். அடையாள அட்டை அச்சிடப் பெயரும் நிறுவனப் பெயரும் போதும்; அதற்குமேல் ஒரு விவரமும் ஏற்பாட்டாளருக்குப் போக வேண்டாம். கொடுத்ததை எந்தத் தேதிக்குள் அழிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பட்டியலில் நீங்களே உருவாக்கிய ஓரிரு முகவரிகளைக் கலந்துவையுங்கள். கசிந்தால் அவை காட்டிக்கொடுக்கும். ஸ்டால் கட்டணம் உங்கள் கணக்கிற்கே வரட்டும், விற்பனையாளர்களுக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் உங்களிடம் இருக்கட்டும். இணையத்தைப் பற்றிக் கூடத்தின் நிர்வாகத்திடமே நேரடியாக எழுத்தில் உறுதி கேளுங்கள். செயல்விளக்கம் நடக்கும் ஸ்டால்களுக்குக் கேபிள் இணைப்பு வேண்டும், கருவிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டணத்தில் கணிசமான பகுதியை நிகழ்ச்சி முடிந்து கணக்குப் பார்த்த பிறகே கொடுப்பதாக நிபந்தனை வையுங்கள்.

நாங்கள் மீதித் தொகையை நிறுத்திவைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். என்னென்ன விவரம் வெளியே போயிருக்கிறது என்று பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் எழுதிவிட்டோம். பணம் திரும்பக் கேட்கும் விற்பனையாளர்களுக்கு எங்களிடமுள்ள ஆவணங்களின் நகல்களைக் கொடுத்திருக்கிறோம். பட்டியலை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி தரும்படி கேட்டதற்கு அந்த நிறுவனத்திடமிருந்து இதுவரை பதில் இல்லை.