மொட்டா, கேலஸா, கருவா: மலர்ச்செடித் திசு வளர்ப்பின் மூன்று வழிகள்

மலர்ச்செடியைக் குடுவைக்குள் பெருக்குபவர் முன்னால் மூன்று வழிகள் உள்ளன: ஏற்கெனவே இருக்கும் கோணமொட்டை (இலையும் தண்டும் சேரும் இடத்து மொட்டை) தூண்டிக் கிளைக்கச் செய்வது, செடியிலிருந்து வெட்டியெடுத்த துண்டான பிரிகூற்றைக் கேலஸாக்கி, அதாவது வேறுபாடற்ற செல்திரளாக்கி, அதிலிருந்து தண்டுகளை எழுப்புவது, உடல் செல்களைக் கருக்களாக மாற்றுவது. எந்த வழி மிகுதியான செடிகளைத் தரும் என்பதையே பலரும் முதலில் கேட்கிறார்கள். புதுச்செடி எந்தச் செல்லிலிருந்து பிறக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பூவின் அழகு செல்லடுக்குகளின் அமைப்பைச் சார்ந்திருக்கும் வகைகளில் இது தெளிவாகத் தெரியும். ஆப்பிரிக்க வயலட்டின் சக்கரக் கோடிட்ட பூக்கள், வெவ்வேறு மரபமைப்புள்ள அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கலப்புருக்களில் தோன்றுபவை. அதன் இலைத்துண்டில் எழும் தண்டுகளில் அந்த அடுக்கமைப்பு பொதுவாக நிலைப்பதில்லை. கோடுகள் மறைந்து ஒற்றை நிறப் பூக்களே பெரும்பாலும் வருகின்றன. கோணமொட்டில் செல்கள் பிரிந்து வளரும் ஆக்குத்திசுவிலோ அடுக்குகள் அப்படியே தொடர்வதால் தாயின் பூவே திரும்ப வருகிறது. அடுக்குகளும் பகுதிகளும் இப்படித் தனித்தனியே பிரிந்துவிடுவதைச் சாமந்தி இனவிருத்தியாளர்கள் ஆதாயமாக்கிக் கொள்கிறார்கள்: கதிரியக்கத்தால் இதழின் ஒரு பகுதியில் மட்டும் நிறம் மாறியிருந்தால், அந்தப் பகுதியிலிருந்து புதுத்தண்டை எழுப்பி, முழுச்செடியும் அந்நிறத்தில் பூக்கும் வகையைப் பெறுகிறார்கள்.

கேலஸ் வழியின் அடிப்படையை ஆய்வாளர்கள் ஸ்கூக்கும் மில்லரும் 1957-இல் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரு தாவர ஹார்மோன்களில் ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தண்டு, இரண்டும் இடைநிலையில் இருந்தால் கேலஸ். ஆனால் வேறுபாடிழந்த செல்கள் நீண்ட காலம் பிரிந்துகொண்டே இருக்கையில் குரோமோசோம் மாற்றங்களும் மரபணு இயக்க மாற்றங்களும் சேர்ந்துவிடுகின்றன. இதனால் எழும் வேறுபாடுகளுக்கு 1981-இல் லார்க்கினும் ஸ்கௌகிராப்டும் உடல்செல் நகல் வேறுபாடு என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். புதுவகை தேடுபவருக்கு அது வளம். ஒரே மாதிரியான பூக்களை எதிர்பார்க்கும் வளர்ப்பாளருக்கு இழப்பு, அதுவும் செடி பூத்த பிறகே தெரியவரும் இழப்பு.

உடல் செல்களிலிருந்து உருவாகும் கருக்களுக்குத் தண்டு முனையும் வேர் முனையும் உடன்பிறந்தவை என்பதால், தனியாக வேர்விடச் செய்யும் கட்டம் தேவைப்படுவதில்லை. சைக்ளமென் என்ற மலர்ச்செடியில், செயற்கை ஆக்சினான 2,4-டி கலந்த ஊட்ட ஊடகத்தில் வளர்ந்த கேலஸை ஹார்மோன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் கருக்கள் உருவாகின்றன. எனினும் ஒரு செடிவகையில் செழிக்கும் முறை அடுத்த செடிவகையில் பலிக்காமல் போகலாம். ரோஜாவில் கருக்கள் முளைப்பதே பெரும்பாடு.

ஆகவே பெயர்பெற்ற வகையைப் பெருக்குபவருக்குக் கோணமொட்டையே பரிந்துரைப்பேன், பெருக்க வேகம் குறைந்தாலும்.