கொதிக்கும் இலக்கா, பறக்கும் கற்றையா?

நியூட்ரான் மிகுந்த, கண்ணிமைப்பதற்குள் சிதையும் அணுக்கருக்களைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஜெனீவா அருகே, செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே என்ற கற்றை நிலையம் 1967 முதல் இயங்குகிறது. தடித்த யுரேனியம் கார்பைடு இலக்கை ஏறத்தாழ 2,000 டிகிரி வரை சூடேற்றிப் புரோட்டான்களால் தாக்குகிறார்கள். உள்ளே பிறந்த அணு, இலக்கின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளியேற வேண்டும். அதற்குள் சிதைந்தால் போனது போனதுதான். எளிதில் ஆவியாகாத டங்ஸ்டன் போன்றவை இலக்கிலேயே தங்கிவிடும். தப்பி வந்தவையோ மெதுவான, சீரான கற்றையாகக் கிடைக்கும். நிறையையும் ஆரத்தையும் துல்லியமாக அளக்கலாம்.

ஜப்பானின் ரிக்கன் ஆய்வகம், கனமான யுரேனியம் கருவையே ஒளிவேகத்தின் சுமார் 70 விழுக்காடு வேகத்தில் மெல்லிய பெரிலியத் தகட்டில் மோதவிடுகிறது. சில்லுகள் பறக்கும்போதே காந்தங்கள் அவற்றைப் பிரித்துவிடும். காத்திருப்பு இல்லை, எந்தத் தனிமமும் விலக்கல்ல. கற்றைதான் சற்றுப் பரந்து கிடக்கும்.

இதுவரை யாரும் காணாத கருவைத் தேடினால் என் வாக்கு ரிக்கனுக்கே. ஆக்சிஜன்-28 (எண், கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்தம்) அங்கேதான் 2023-இல் பிடிபட்டது. துல்லியத்துக்கு ஐசோல்டே. 2013-இல், 20 புரோட்டானும் 34 நியூட்ரானும் கொண்ட கால்சியம்-54-இன் நிறையை ஐசோல்டே அளந்தது. அதே ஆண்டு, அதே கருவின் காமா கதிர்களை ரிக்கன் பதிவுசெய்தது. 34 நியூட்ரான்களும் ஒரு மாய எண், அதாவது கருவை வழக்கத்தைவிட உறுதியாக்கும் எண்ணிக்கை, என்பதற்கு அந்தக் கதிர்கள் வலுவான சான்றாயின.